நாய்க்கு ஆகாத பலகை

எங்கள் பேட்டை நீலசந்திராவில் வெல்டர் சின்னப்பா என்றால் வாயாடி என்று அர்த்தம். நான் தச்சன் கோவிந்தன். இருபது வருஷம் ஒரே கட்டடங்களில் அவனோடு வேலை பார்த்து, சண்டையும் போட்டவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவன் சொன்னது பலித்துவிட்டால் அப்புறம் மனிதன் நிம்மதியாக இருக்க முடியாது.

2001-ல் கோரமங்கலாவில் சஞ்சய் சார் வீட்டு வேலை. மதுரைக்காரர். அமெரிக்கா போய்த் திரும்பி, இங்கே கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவர். தோட்டத்தில் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு மரத்தளம் வேண்டும் என்றார். சின்னப்பா குறுக்கே விழுந்தான்.

“இரும்புல போடலாம் சார். கரையானுக்கு மருந்து அடிக்க வேணாம். நாளைக்கி வேணாம்னா கயட்டிக் காயலான் கடைல போட்டா, உருக்கி மறுபடியும் கம்பியாக்கிடுவான். ஒண்ணும் வீணாப் போவாது.”

“இரும்பெல்லாம் ஃபேக்டரி சமாச்சாரம்பா. மரம்தான் இயற்கை.”

அந்த இயற்கை பிளாஸ்டிக் சுற்றிக் கப்பலில் வந்தது. மருந்தில் ஊறவைத்து வெளிர்பச்சையாகிப்போன பைன் பலகைகள். சின்னப்பா ஒன்றை முகர்ந்து பார்த்தான்.

“கரையானே வாய் வெக்காத மரம்டா இது. இதுல இன்னா இயற்கை?”

“உனக்குப் பொறாமைடா” என்றேன். வேலை எனக்கு வந்ததில் கொள்ளை சந்தோஷம்.

மிச்சத் துண்டுகள் தச்சனுக்குச் சொந்தம். வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போகும். அப்போது சின்னப்பாவின் மகள் சங்கமித்ரா பிள்ளை பெற்று வந்திருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் தினமும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். மூன்று மூட்டைத் துண்டுகளை நானே அவன் சைக்கிளில் கட்டிவிட்டேன். கரையானைப் பற்றி அவ்வளவு பேசியவன், இனாம் என்றதும் வாயை மூடிக்கொண்டான்.

பத்து நாளில் குழந்தைக்கு இருமல். டிசம்பர் பனி என்றாள் அவன் மனைவி காந்தா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த வாரம் சஞ்சய் சாரின் நாய் பலகையின் ஓரத்தைக் கடித்து மென்று, வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டது. அவர் வெலவெலத்துப்போய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“மரத்துல ஆர்சனிக் ஏத்தியிருக்கான். பாஷாணம்! இன்டர்நெட்ல பார்த்தேன். எல்லாத்தையும் பிரிச்சிடுங்க. சின்னப்பா, நீ சொன்ன மாதிரி ஸ்டீல்லயே போட்டுடு.”

சின்னப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். செத்தாலும் மறக்கமாட்டேன். சஞ்சய் சார் எங்களுக்குக் கையுறை கொடுத்தார், நாயைத் தள்ளிக் கட்டினார். பிறகு தாராளமாகச் சொன்னார்: “பலகையை வீணாக்க வேணாம். நீங்க எடுத்துட்டுப் போங்க. வெந்நீர் போட ஆகும்ல?”

சின்னப்பாவின் சிரிப்பு நின்றது. “நாயி கடிச்சதுக்கே இப்டின்னா, எரிச்சா இன்னா சார் ஆவும்?”

சஞ்சய் சார் நாயைப் பார்த்தார். “நான் நாய்க்கு மட்டும்தான் பார்த்தேன்.”

சின்னப்பா கையுறையோடு சைக்கிளை மிதித்தான். நானும் பின்னாலேயே ஓட்டினேன். வீட்டில் காந்தா பச்சைத் துண்டு ஒன்றை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை புகையில் இருமிக்கொண்டிருந்தது.

“இந்தச் சாம்பல்ல தேச்சா ஏனமெல்லாம் இன்னாமா பளபளன்னு கீது பாரேன்” என்றாள்.

சின்னப்பா அண்டாத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தான். குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். மூட்டை கட்டிக்கொடுத்த பாவி நான், நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இருமல் நிற்க இரண்டு மாதம் ஆனது. இரும்புத் தளமும் முடிந்தது. வெட்டிய கம்பித் துண்டுகள் காயலான் கடைக்குப் போயின. பலகைகளை எரிக்கவும் முடியாது, கொட்டவும் இடமில்லை. சஞ்சய் சார் வீட்டுப் பின்பக்கம் அடுக்கியே கிடந்தன. வந்தவர்களிடமெல்லாம், சுற்றுச்சூழலுக்காக இரும்புக்கு மாறினேன் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று வாயாடி சின்னப்பா நாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து ஊட்டினான்.

“துன்னு ராஜா. உனக்கு மட்டும் வவுறு வலிக்காம இருந்திருந்தா, எம் பேரன் இருமுறான்னு எவன் இன்டர்நெட் பாத்திருப்பான்?”