தீவன ஷெட்டில் ஒரு ஜெனடிக்ஸ் வகுப்பு

அரைத்த மக்காச்சோளத்தின் மணம்... அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மல்லசமுத்திரம் பக்கம், முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்த வீட்டில். குஞ்சு வாங்கினால் பெட்டைக் குஞ்சு மட்டும்தான் வாங்குவார்கள். ஆனால் மருமகளுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும், மாமாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அவருடைய அம்மா, அதாவது அத்தை, பேச்செடுத்துவிட்டார்.

மாமா வாயே திறக்கவில்லை. அக்கா அழுதே பாதியாகிப் போனாள்.

நான் அப்போது காலேஜில் ஜுவாலஜி. கருமுட்டையும் விந்தும் உருவாகும் மியாசிஸ் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. வந்த கோபத்தில் நேராகப் பண்ணைக்கே போய்விட்டேன். தீவன ஷெட்டில் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவால்தான் முடிவாகிறது என்றேன்.

அத்தை அசரவில்லை.

"கோழி டாக்டரே சொல்லியிருக்காரு அம்மிணி... சேவலால இல்லியாம், பொட்டக்கோழியாலதானாம். எனக்குத் தெரியாதா?"

ஆடிப்போனேன். ஏனென்றால், கோழிக்கு அது சரி. வேறெந்த ஊர் மாமியாரும் என்னை இப்படி மடக்கியிருக்க முடியாது...

"கோழிக்கு அப்படித்தானுங்கத்தை. மனுசருக்குத் தலைகீழுங்க."

சாக்கை விரித்து, மூட்டைகளிலிருந்து மக்காச்சோளமும் கம்பும் எடுத்து வைத்தேன். இதெல்லாம் குரோமோசோம். பெண்ணுக்கு ஜோடி இரண்டுமே சோளம். ஆணுக்கு ஒன்று சோளம், இன்னொன்று சின்னதாகக் கம்பு. கருமுட்டையும் விந்தும் உருவாகும்போது ஜோடி பிரிந்துவிடும், ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் போகும். அக்கா சோளத்தைத் தவிர வேறெதைக் கொடுப்பாள்? மாமாவிடமிருந்து சோளம் வந்தால் பெண், கம்பு வந்தால் பையன். எது வரும் என்பது யார் கையிலும் இல்லை.

விந்து என்று நான் சொன்னபோது மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அந்த மணிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவையும் சோளத்தைக் குடுத்தது நீயி. உனக்கெதுக்குடா இன்னொரு கண்ணாலம்?"

அந்தப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

இன்றைக்குப் பண்ணையை நடத்துவதே அக்காவின் பெண்கள்தான். முட்டை லோடு ஏற்றுவதிலிருந்து டாக்டரிடம் பேசுவது வரை எல்லாம் அவர்கள் கையில். அக்கா அன்றைக்கு அழுத அழுகையை நினைத்தால் மட்டும் இப்போதும் மனசு கனக்கிறது...

போன வாரம் சொந்தத்தில் ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண். மருமகளைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளின் கையைப் பிடித்து உட்காரவைத்து, அத்தை சொன்னார்:

"அவளை உடு சாமி. உம்பட பையனைக் கூப்புட்டுக் கேளு."