பச்சை குத்திய கை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் ஒரு பெண் மவுத்தானால், அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இலந்தை இலை போட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பனியன் வேஸ்ட் துணியில் நானே தைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, மேலே போர்த்திய துணி விலகாமல் வலப்பக்கத்திலிருந்து கழுவுவேன். இதில் என்னைக் குறை சொல்ல ஒருத்தி பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பிறந்திருக்கிறாள். என் நாத்தனாருக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள்.

நாத்தனாரும் நானும் பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்து பதினாறு வருடம் பிசிறு நூல் வெட்டியவர்கள். இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவளைத் திருப்பி அனுப்பிய அன்று, மருமகள் காதுபடவே சொன்னாள்: "என்னய நீதான் குளிப்பாட்டோணும் மச்சி. வேற எவ கையும் படக் கூடாது." நானும் சரியென்று வாக்குக் கொடுத்தேன்.

என் இடது முன்கையில் ஒரு தேள் பச்சை குத்தியிருக்கிறது. ஆறு வயதில் சந்தைக்குப் போனபோது, பச்சை குத்துகிறவளிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையை நீட்டினார்கள், நானும் நீட்டிவிட்டேன். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி வந்ததும் மாமியார் சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்து அப்பினார். தோல் வெந்ததுதான் மிச்சம். தேள் போகவில்லை.

நாத்தனார் ஒரு வெள்ளிக்கிழமை காலை மவுத்தானாள். உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளிப்பாட்டும் அறை வாசலில் மருமகள் கையைக் குறுக்கே வைத்தாள்.

"மாமி, நீங்க உள்ள வராதீங்க. பச்சை குத்துனவங்க மேல சாபம் இருக்குதுங்க. அந்த எடத்துல தோல்ல தண்ணியே படாது, எத்தனை கழுவுனாலும் ஒளுவே கூடாதுங்க, சுத்தமே ஆகாதுங்க."

"நகப் பாலீசையும் பச்சையையும் போட்டுக் குழப்பறயே. பாலீசு மேல நிக்கும். இது தோலுக்கு அடியில இருக்குது. தண்ணி தோல்லதான் படுது."

"நான் மதரஸாவுல ஒரு வருசம் ஓதியிருக்கறனுங்க."

"அப்ப புருவத்தப் புடுங்கறவளையும் நபி சொன்ன அதே பேச்சுலதான் சபிச்சிருக்குதுன்னு சொல்லித் தரலையா? மாசாமாசம் நூல் போடறயே, கண்ணாடி பாக்கறதில்லையா? தேளு என் கையிலதான் இருக்குது. கொடுக்கு உன் வாயிலயல்லோ இருக்குது!"

வாசலில் நின்றிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். யாரும் என் பக்கம் வரவில்லை. நாத்தனார் மகனைப் பார்த்தேன். பவர் டேபிள் தையல் மிஷின் பத்துப் போட்டுக் கம்பெனி நடத்துகிறவன்.

"உங்கம்மா சொன்னது உனக்குத் தெரியுமல்லோ?"

"தெரியுமுங்க மாமி. ஆனா அவ ஓதுனவ. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகுதுங்க, சண்டை வேண்டாமுங்க."

என்னிடம்தான் பேசினான், கண் பெண்டாட்டி முகத்தில் இருந்தது.

கதவைச் சாத்திவிட்டார்கள். வாசல் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செல்போனில் குளிப்பாட்டும் முறை சொல்கிற வீடியோ ஓட, அதை நிறுத்தி நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். அடுப்பு மூட்டவேயில்லை, தொட்டியின் பச்சைத் தண்ணீரையே மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. முகம் பார்க்க விட்டபோது பார்த்தேன். முடியை இரண்டாகப் பிரித்து நெஞ்சின் மேல் போடாமல் ஈரத்தோடு சுருட்டிக் கழுத்தடியில் திணித்திருந்தார்கள். கொடுத்த வாக்கு அந்தக் கதவுக்குள்ளேயே போய்விட்டது.

மூன்றாம் நாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அறியாத வயதில் குத்தியதற்குக் குற்றமில்லை, தெரிந்தே குத்திக்கொண்டவர்களும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தால் போதும், தோலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, ஒளுவும் கூடும், மையித்தைத் தொடத் தடையுமில்லை என்றார். மருமகளைக் கூப்பிட்டும் சொன்னார். அவள் திரைக்குப் பின்னால் நின்று, "தெரியாமச் சொல்லிட்டனுங்க ஹஜ்ரத்" என்றாள். ஹஜ்ரத்திடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், என்னிடம் ஒரு சொல் இல்லை.

மன்னிப்பது நல்லது என்று எனக்கும் தெரியும். யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் மவுத்தானால் என் மூத்த மகளும் பேத்தியும் குளிப்பாட்டட்டும். அந்த மருமகள் வரலாம், துஆ செய்யலாம், சோறு தின்னலாம். என் மேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவள் ஊற்றக் கூடாது. இதை வாயால் சொன்னால் நாளைக்குத் தள்ளிவிடுவார்கள், நாத்தனார் சொன்னதைத் தள்ளிய மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதி முடிச்சாச்சு. பேத்திக் கண்ணு, இங்க வா. செல்லை வெச்சுட்டு இதைப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படிக்காத, அடுத்த ஊட்டுக்குக் கேக்கற மாதிரி படி.