சிக்னல் பாறையில் லேப்டாப்

கங்காணி இருந்தார். ஜீப்பு ஓட்டுகிறவன் இருந்தான். ஸ்டோரில் எடை போடுகிற நான் இருந்தேன்.

ஏலக்காய் மூட்டைகள் ஜீப்பில் ஏறிவிட்டன. எடைச்சீட்டு இல்லாமல் போனால் போடியில் மறுநாள் ஏலத்துக்கு எடுக்க மாட்டார்கள். சீட்டு அடிக்க லேப்டாப் திறக்க வேண்டும். போடி ஆபீஸில் பாஸ்வேர்டு போட்டதும் திறக்கிற லேப்டாப், மலைக்கு வந்தால் ஸ்டோரின் அரைகுறை நெட்டில் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் திறக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் எதற்கும் சிக்னல் பாறைக்குத்தான் ஓடுவோம். அன்றைக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பாறை ஏறினோம். செல்போனிலிருந்து நெட்டு கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு ஒரு தேங்கா ஒடச்சிருக்கலாம். நூறு வரைக்கும் எண்ணுவேன். தெறக்கலைன்னா மூட்டைய எறக்கிட்டுக் கெளம்பிருவேன்" என்றான் ஜீப்புக்காரன்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"நெட்ட நிறுத்துங்கண்ணே" என்றாள்.

"அதுக்குத்தானம்மா பாறை ஏறி வந்தோம்!"

"நெட்டு இருந்தா, பாஸ்வேர்டு சரியான்னு கேக்க அது இங்க இருக்கிற பெரிய கம்ப்யூட்டரத் தேடும். அங்கேருந்து கிடைக்காது, தேடிக்கிட்டே கெடக்கும். நெட்டே இல்லைன்னா தேடாம, தனக்கு ஞாபகம் இருக்கிற பாஸ்வேர்ட வச்சே தெறந்துரும்."

கங்காணி என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர்தான் லேப்டாப்பைச் சுமந்தவர்.

நெட்டை நிறுத்தினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டைத் தட்டினேன். ஜீப்புக்காரன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். திரை திறந்தபோது அவன் வாய் அப்படியே நின்றது.

நாலு.