வாளிக்குள் விழுந்த நல்ல செய்தி

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் தண்ணீருக்குக் கை தட்டினேன். நேரில் அல்ல, வாட்ஸ்அப்பில். ஒன்றுக்கு மூன்று கைதட்டல் படம்.

முதலில் அந்தக் குரூப் கதையைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடம் பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், பிறகு தேயிலைக்குள் இருபது நிமிட ஏற்றம். அந்த பஸ்ஸைப் பற்றி நான் இங்கே புலம்பாத வாரம் குறைவு என்று உங்களுக்கே தெரியும். பதினெட்டு ஆசிரியர்கள். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே ஒப்பாரி... இடமாற்றம் கிடைக்கவில்லை, கூரை ஒழுகுகிறது, போட்டோகொப்பி மெஷின் செத்துவிட்டது. புதிதாக வந்த அதிபர் இரண்டு மாதம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பண்டாரவளையில் ஏதோ செயலமர்வுக்குப் போனார். வந்த மறுநாளே ‘வெள்ளிக்கிழமை வெளிச்சம்’ என்று ஒரு குரூப்!

விதி எளிது. வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கொரு நல்ல செய்தி போட வேண்டும். குறை சொல்லக் கூடாது. குறை இருந்தால் அலுவலகத்துக்கு வந்து நேரில் சொல்லலாம். யார் போவது?

நான் கிண்டலடித்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது — குரூப் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடமாகக் கரும்பலகைப் பக்கமே வராத பிள்ளை, தானே எழுந்து வந்து வகுத்தல் கணக்குப் போட்டதைக் கணித டீச்சர் ஒரு வாரம் எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றபடி வாசித்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வகுப்பில் இப்படியொன்று நடந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் நல்ல செய்தி வாரா வாரம் கிடைக்குமா? கிடைக்காத வாரத்தில் இருப்பதையே சீவிச் சிங்காரித்து அனுப்பப் பழகிக்கொண்டோம். கூரை ஒழுகினால், ‘பிள்ளைகள் இன்று மழையை அளக்கக் கற்றார்கள்’. மேசை உடைந்தால், ‘தரையில் வட்டமாக உட்கார்ந்து கதை வாசித்தோம்’. இரண்டாவது என் கைவண்ணம்.

ஒருவர் மட்டும் இதில் சேரவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் யோகராஜ் சேர். பேச்சுக் குறைந்த மனுஷன். ஒரு வெள்ளிக்கிழமை, ‘தரம் இரண்டு வகுப்புக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகிற கான் அடைத்துக் கிடக்கிறது, மேட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது’ என்று போட்டார். அதிபர் அதை அழித்துவிட்டு, குரூப்பின் நோக்கம் வேறு என்று பணிவாக எழுதினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடிந்ததா? ‘யோகராஜ் சேருக்கு வெள்ளிக்கிழமையும் அமாவாசைதான்’ என்று எழுதி ஒரு சிரிப்புப் படமும் ஒட்டினேன். ஏழு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அங்கே வாயே திறக்கவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஐந்து நாளாக விடாத மழை. இடைவேளையில் வசந்தா டீச்சர் ஒரு படம் போட்டார். தரம் இரண்டுக்கு இந்த வருடம்தான் வந்த இளம் ஆசிரியை. ‘எங்கள் வகுப்புக்குப் பின்னால் இன்று காலை ஒரு புது ஊற்று! இனி பிள்ளைகள் பீலிக்குப் போக வேண்டியதில்லை!’ படத்தில் மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து ஒரு நீல வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பள்ளிக்கூடத்துக் குழாயில் காற்றுத்தான் வரும். குடிக்கவும் கழுவவும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் பிடித்துத்தான் சுமந்து வர வேண்டும். எனவே கைதட்டல் குவிந்தது. ‘இயற்கையின் பரிசு’ என்றார் அதிபர். ‘இனி வாளி தூக்குற வேலை மிச்சம்’ என்று நானும் எழுதினேன்.

மணி அடித்து வகுப்புகள் தொடங்கின. எனக்கு அந்தப் பாடவேளை ஓய்வு. கொப்பிக்கட்டை எடுக்க ஆசிரியர் அறைக்கு வந்த யோகராஜ் சேர், போனை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர், இந்தத் தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?”

நான் கவனிக்கவில்லை. கை தட்டத் தெரிந்த எனக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது பெரிதாக்கினேன். வாளியில் இருந்தது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

அவர் கொப்பிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஏன் என்று தெரியாமலே நானும் பின்னால் ஓடினேன்.

தரம் இரண்டில் இருபத்திரண்டு பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எதிர் மேட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போகும்படியும், பைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றும் வசந்தா டீச்சரிடம் சாதாரணமாகச் சொன்னார். அவர் கை மட்டும் கதவுநிலையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அதற்குள் அதிபர் வந்துவிட்டார். யாரைக் கேட்டு வகுப்பைக் கலைக்கிறீர்கள், பெற்றோர் பயந்து ஓடி வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேட்டது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் பெற்றோர் கொழுந்து பறிக்கும் மலை முழுக்கப் பரவிவிடும்.

யோகராஜ் சேர் மீரியபெத்தைக்காரர். மண் சரிந்து லயங்களை மூடிய அன்று அவர் மட்டும் வெளியூரில் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்.

“எங்க லயத்துக்குப் பின்னாலயும் புது ஊத்து வந்துச்சு சேர். எங்கம்மா சந்தோஷப்பட்டு கொடம் வச்சாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதிபரின் முகம் வெளுத்துவிட்டது. அலுவலகப் பக்கம் ஓடி, மணியைத் தன் கையாலேயே அடித்தார். நிறுத்தாமல் அடித்தார்.

மண்டபத்தில் பிள்ளைகளை மூன்று முறை எண்ணினோம். பிறகு காத்திருந்தோம். அரை மணி நேரம்... ஒரு மணி நேரம்... மழை பெய்தது. எதிரே எங்கள் பள்ளிக்கூடம் சும்மா நின்றது. ஒன்றும் ஆகவில்லை. பின்னாலிருந்து யாரோ, வீணாகப் பயந்துவிட்டோமோ என்று முணுமுணுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோகராஜ் சேர் மட்டும் அந்த மேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதிபர் போன் பண்ணியதில் பிற்பகல் மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்தார்கள். வகுப்புக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஏறிப் பார்த்தார்கள். மண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஓர் ஆளின் கை உள்ளே போகும் அகலம். உள்ளே மண் கரைந்து நகர்கிறது, அதனால்தான் ஊற்று கலங்கலாக வருகிறது என்றார்கள். பின்வரிசை மூன்று வகுப்பையும் அன்றே மூடச் சொன்னார்கள். யார் முதலில் கவனித்தது என்று கேட்டார்கள். அதிபர் யோகராஜ் சேரைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுவாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அமாவாசைக்கும் சேர்த்துத்தான். அவர் லேசாகச் சிரித்தார்.

“விடுங்க டீச்சர். நான் அந்தக் குரூப்பைத் தொறக்கிறதே இல்ல. அன்னைக்கு நீங்க எல்லாரும் கை தட்டித் தட்டி போன் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் எடுத்துப் பார்த்தேன்.”

ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா? அன்றிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

நல்ல செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வகுத்தல் கணக்குப் பிள்ளையை நான் எப்படி மறப்பேன்? ஆனால் கெட்டதைச் சொல்ல இடமில்லாத வீட்டில், கெட்டது நல்லதைப் போல உடுத்திக்கொண்டு உள்ளே வந்துவிடும். வந்ததும் நாமே நாற்காலி போட்டு உட்கார வைப்போம்.

அதிபர் விதியை மாற்றிவிட்டார். இனி முதலில் பயம், பிறகு சந்தோஷம். எதையும் அழிக்க மாட்டேன் என்று அவரே எழுதினார்.

இதை எழுதும்போதும் மழைதான். நேற்று வெள்ளிக்கிழமை, யோகராஜ் சேரிடமிருந்து மாதக்கணக்குக்குப் பிறகு ஒரு வரி வந்தது. ‘ஊற்று இன்னும் ஓடுகிறது. கலங்கல்.’

பதினெட்டுப் பேரும் பார்த்தோம். ஒருவரும் கை தட்டவில்லை.