கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றவர்

வெள்ளவத்தையில், பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கான கற்பித்தல் பயிற்சியில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். கொட்டாஞ்சேனைக்காரர். ஒல்லியான உடம்பு, கசங்கிய பருத்திச் சேலை. எங்களில் ஒருவருக்கு வெளிநாட்டில் மேற்பயிற்சி கிடைக்கும் என்றார்கள். எனக்கு அது வேண்டும்.

ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தினோம். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருந்தோம். நான் மூச்சுவிடாமல் நடத்தினேன். அவரோ, "கடல் ஏன் உப்பு?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான் நிற்பார். அந்த அமைதியைத் தாங்காமல் நானே ஏதோ உளறினேன்.

"ஏன் சேர் அப்பிடி நினைக்கிறியள்?" என்றார், கேலியில்லாமல். விளக்கப்போய் என் பிழையை நானே கண்டுபிடித்தேன்.

இடம் அவருக்குத்தான் கிடைத்தது. தேநீர் குடிக்கும்போது, "வாயைத் திறக்காமலே வெண்டிட்டியள்" என்று குத்தினேன்.

"ஓம் சேர். அதுதான் எனக்குச் சரியான கஷ்டம். வீட்டில நான் பெரிய வாயாடி" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நானும் பேசாமல் நின்று பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் பதிலை நானே சொன்னேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அவர் வெளிநாட்டுக்குப் போகட்டும். அந்தப் பொறுமை அவருக்கு எப்படி வந்தது என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.