நானூற்று எண்பது மில்லிகிராம் வியர்வை

அந்த மருத்துவமனை ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘உப்பக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வியர்வையில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. மற்றவர்கள் அந்த வேலையைக் கண்டாலே காத தூரம் ஓடுவார்கள். கைக்குழந்தையின் முன்கையில் காகிதம் ஒட்டி, அது அழ அழ அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சோதனைக் குழாய் கழுவத்தான் அவள் அங்கே வந்தாள். கழுவினோமா, கவிழ்த்தோமா என்று இருக்கவில்லை. இது ஏன் நிறம் மாறியது, அது ஏன் அடியில் தங்கியது என்று துளைத்தெடுத்தாள்.

“கழுவுறவளுக்கு எதுக்கும்மா இத்தனை கேள்வி?” என்று ஒருவர் நக்கலடித்தார்.

“ஏன் சார், கேள்விக்கும் தகுதிச் சான்றிதழ் கேக்கிறாங்களா?” என்றாள்.

மாலை வகுப்பில் சேர்ந்து பட்டயம் வாங்க ஏழு வருஷம் பிடித்தது. அறிவு தங்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்து என்று நினைப்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களோடு வாதாடி அவள் தன் வாயை நோகவிடவில்லை. அதன் பிறகு பதினான்கு வருஷம் அளந்தாள். ஒரு முடிவுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தின் வெளிப் பெஞ்சில் ஒரு மாமியாரும் மருமகளும் ரத்தச் சோதனைக்குக் காத்திருந்தார்கள். மருமகள் மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. எலும்பும் தோலுமாக இருந்தது.

“புள்ளைக்குப் பசி இருக்கு, பெத்தவளுக்கு மனசு இல்ல,” என்று மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “வியர்வை டெஸ்ட்டுகூட எடுத்தாச்சுங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் யாரு மேல குத்தம்? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்களைக் கூட்டிப் பேசி, இவளை அவ அம்மா வீட்ல விட்டுட்டு, புள்ளைய நானே வளத்துக்குவேன்.”

“நாளுக்கு எட்டுத் தடவை ஊட்டுறேன் அத்தை,” என்றாள் மருமகள். அவள் குரலில் கெஞ்சல் தீர்ந்து களைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

உப்பக்கா கதவருகே நின்றுவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் அந்தக் குழந்தைக்குச் சோதனை செய்தவள் அவள்தான். உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். உப்பில் இருக்கும் குளோரைடின் அளவு இருபத்தெட்டு. முப்பதுக்குக் கீழே இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தம். அடுத்த கட்டத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. சேர்ந்த வியர்வை, நானூற்று எண்பது மில்லிகிராம்.

எண்பதோ நூற்றைம்பதோ கிடைத்தாலே பெரிய விஷயம். இந்தக் குச்சிக் கையிலிருந்து நானூற்று எண்பதா?

வியர்வைச் சுரப்பி ஒரு சுருண்ட குழாய். அடியில் ஊறும்போது வியர்வை ரத்தத்தைப் போலவே உப்பாக இருக்கும். மேலே ஏறும் வழியில், குழாய்ச் சுவராக நிற்கும் செல்கள் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பு உப்பாகப் போவதில்லை. சோடியம் அயனிக்கு ஒரு வாசல், குளோரைடு அயனிக்கு இன்னொரு வாசல். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது; மின்னூட்டம் சுமந்து வரும் அயனியை அண்டவிடாது. வாசல் இருந்தால்தான் வழி. சிலருக்குப் பிறவியிலேயே குளோரைடின் வாசல் திறக்காது. அது வெளியே நின்றால் சோடியமும் நின்றுவிடும். உப்பெல்லாம் தோலுக்கு வந்து சேரும். கணையத்திலும் நுரையீரலிலும் இதே வாசல்தான். அங்கே அயனி வெளியே போனால்தான் பின்னாலேயே நீரும் போகும். போகாவிட்டால் சாறு பசையாக இறுகிக் குழாயை அடைக்கும். செரிமானச் சாறு குடலுக்கு வராததால், எட்டுத் தடவை ஊட்டினாலும் தின்றது உடம்பில் ஒட்டாது.

சோதனையில் ஒரு சின்னப் படி உண்டு. லேசான மின்சாரத்தால் மருந்தைத் தோலுக்குள் செலுத்தி வியர்க்க வைத்த பிறகு, அந்த இடத்தைத் தூய நீரால் கழுவி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். அப்புறம்தான் எடை பார்த்த காகிதத்தை ஒட்டி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். அன்று வரிசையில் பத்துக் குழந்தைகள். உலர்ந்த பஞ்சு தீர்ந்துவிட்டது. நனைந்த பஞ்சாலேயே ஓர் இழுப்பு இழுத்தது அவளுக்கு நினைவு வந்தது. காகிதம் குடித்ததில் முக்கால்வாசி கழுவிய தண்ணீர். ஒரு டம்ளர் உப்பு நீரில் மூன்று டம்ளர் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டு, கரிக்கவில்லையே என்று சொன்ன கதை.

நேரே ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனாள்.

“சார், அந்த ரிப்போர்ட் தப்பு. தப்பு பண்ணினது நான். இப்பவே மறுபடி எடுக்கணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மூணு வாரம் கழிச்சு வந்து சொல்றீங்க. கையெழுத்து என்னோடது. திருத்தினா நம்ம லேபை எவன் நம்புவான்?”

“திருத்தலைன்னா எதுக்கு சார் நம்பணும்?”

“நிச்சயமாத் தெரியுமா?”

“எடை தெரியுது சார். மனுஷ உடம்பு எவ்வளவு வேர்க்கும்னு எனக்குத் தெரியும்.”

அவர் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். அந்த எடையை அவரும்தான் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். “எடுங்க,” என்றார்.

இந்த முறை அவள் மூன்று தடவை துடைத்தாள். காகிதம் ஒட்டும் முன் தன் புறங்கையால் தொட்டுப் பார்க்க நினைத்து, தன் வியர்வை ஒட்டிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். அரை மணியில் சேர்ந்தது நூற்று முப்பது மில்லிகிராம். குளோரைடு நூற்று நான்கு. அறுபதுக்கு மேல் போனாலே நோய்.

புதிய அறிக்கையில் மூன்று வரி எழுதினாள். முந்தைய முடிவு தவறு. தவறு சோதனை செய்தவருடையது. எடைக் குறைவுக்குத் தாயின் கவனிப்பு காரணமல்ல.

“மூணாவது வரி லேப் எழுத வேண்டியதில்லையே,” என்றார் தலைவர்.

“அந்தப் பொண்ணு மேல பழி விழ லேப்தானே சார் காரணம்? நாமதான் எழுதணும்.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்து இருவரிடமும் சொன்னாள். “அம்மா, போன தடவை நான் தப்பா எடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க. குழந்தைக்கு நோய் இருக்கு. பொறந்ததுலேருந்தே இருக்கு. யாரும் வரவழைச்சது இல்ல.”

“பொழைச்சுக்குவாளா?” என்றாள் தாய்.

“இது முழுசாப் போற நோய் இல்ல. ஆனா சாப்பாடு செரிக்க மருந்து உண்டு, நெஞ்சுச் சளிக்கும் வைத்தியம் உண்டு. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. எடை போடுவா.”

“பொறவி நோய்ங்கிறீங்க. எங்க வம்சத்துல அப்படி யாருக்கும் இல்ல,” என்றார் மாமியார்.

“ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தாத்தான் இது வரும்மா. உங்க பையன் பங்கும் பாதி.”

மருமகள் அறிக்கையை ஒருமுறை வாசித்தாள். மூன்றாவது வரியை மறுபடி வாசித்தாள். பையில் வைத்துக்கொள்ளவில்லை, மாமியாரின் கையில் கொடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்கல்ல அத்தை? நீங்களே சத்தமாப் படிச்சுடுங்க.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டர் அறை எந்தப் பக்கம் என்று உப்பக்காவிடம் கேட்டாள்.