கம்பின் நடுவில் ஒரு வெட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட் கோவிலில் அசனம் என்றால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு வீட்டார் அரிசி தருவார்கள், ஒரு வீட்டார் ஆடு தருவார்கள். எங்கள் வீட்டார் தண்ணீர் சுமப்போம். தண்ணீர் இல்லாமல் எந்தச் சோறு வெந்தது?

எனக்குப் பத்து வயதில் நடந்த அசனத்துக்கு மாட்டுப்பட்டியிலிருந்து சித்தி வந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. சிலேட்டுகூட வாங்கி வந்திருந்தாள்.

ஓடையில் அண்டாவை நிரப்பிக் கம்பில் தொங்கவிட்டு, முன்னால் நானும் பின்னால் அக்காவுமாக மேடு ஏறுவோம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கயிறு நிற்பதற்காக அப்பா கம்பின் சரிநடுவில் ஒரு வெட்டு போட்டிருந்தார். கட்டுவது என் வேலை. இரண்டாம் நடையில் கயிறு வெட்டில் விழாமல் ஒரு சாண் பின்னால் நின்றுவிட்டது. என் தோளில் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அட, இவ்வளவுதானா! மூன்றாம் நடையில் வேண்டுமென்றே இரண்டு சாண் தள்ளி இறுக்கிக் கட்டினேன்.

அடுப்படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "சின்னவளப் பாருங்க, துள்ளிக்கிட்டு வாரா. ஏட்டி பெரியவளே, பிள்ளைத்தாச்சி மாதிரில்லா மூச்சு வாங்குத!"

அக்கா கம்பைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் அம்மா சித்தியிடம் சொன்னாள்: "சின்னவ இங்கனயே இருக்கட்டும். இப்பவே ரெண்டாள் பாரம் தூக்குதா, கொழுந்தெடுக்க ஆவா. பெரியவளுக்குத் தெம்பு இல்ல, அவளக் கூட்டிட்டுப் போ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிலேட்டை நானே எடுத்து அக்காவின் பையில் வைத்தேன்.

மறுநாள் வண்டிப்பெரியாரில் பஸ் ஏறும்போது அக்கா என் காதருகே குனிந்தாள். "ஏட்டி, இனிமே கயித்த நடுவுல கட்டு. பின்னால அம்மைதான் வருவா. அவளுக்கு இடுப்பு வலி."

பின்னால் வருகிறவளுக்கு முடிச்சு கண்ணெதிரே ஆடும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்தும் ஏன் சுமந்தாய் என்று அவள் இருந்தவரை நான் கேட்கவில்லை, வீறாப்பு விடவில்லை. அவள் டீச்சராகிப் போட்ட கடிதங்களை அடுத்த வீட்டுப் பிள்ளைதான் எனக்கு வாசித்துக் காட்டும். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

அன்று பஸ் வளைவில் மறைந்ததும் நான் அழவில்லை. வீட்டுக்கு ஓடிக் கம்பையும் அண்டாவையும் எடுத்து வாசலில் வைத்தேன். தெம்புள்ள பிள்ளை அல்லவா நான். "வாம்மா, ஓடைக்குப் போவோம்" என்று அவசரப்படுத்தினேன்.